நாற்பத்தொன்றாம் கேள்விக்கு ‘இல்லை’

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. அடுத்தவர் வெட்கம் அல்ல, என்னுடையது.

பதினாறு வருடமாகத் தைபேயின் நெய்ஹு வட்டாரத்தில், மடிக்கணினி வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, பெட்டிக்குள் கணினியோடு வைக்கிற கையேடுகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாருமே படிக்காத புத்தகங்களை அதிகம் எழுதியவன் என்று ஒரு பட்டம் உண்டானால் எனக்குத்தான் கொடுக்க வேண்டும். செல்வநம்பி என்ற என் பெயரை அந்த மாடியில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. ஆ-செல். அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு தமிழ்ப் பத்திரிகை, சுற்றுச்சூழல் சிறப்பிதழுக்குக் கதை கேட்டது. "நம்பிக்கையா முடிங்க சார், ஜனங்க ஏற்கெனவே நொந்துபோய் இருக்காங்க" என்றார் ஆசிரியர். சரி என்றேன். எழுத உட்கார்ந்ததும் எங்கள் மாடி லியாவ் மெய்-ஜு மனதில் வந்து எதிரில் நின்றுவிட்டார். இனி ஆசிரியர் பாடு, அவர் சிறப்பிதழ் பாடு.

2

முதல் தொடக்கம்: ‘தைபே நகரத்தின் மேல் மழை மெல்ல—’

[விட்டுவிட்டேன். இங்கே மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.]

இரண்டாவது: ‘டி-17 என்ற அந்த மடிக்கணினியின் எடை வெறும் தொள்ளாயிரத்து எண்பது கிராம். விரல் நுனியில் தூக்கலாம். திறந்தால்—’

[இது விளம்பரம். பழக்க தோஷம், மன்னிக்கவும்.]

மூன்றாவது: ‘மெய்-ஜுவுக்கு நாற்பத்தாறு வயது. கேள்விகளுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை.’

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

3

என்ன கேள்விகள் என்று சொல்கிறேன். ஒரு கணினி ‘பசுமைச் சான்று’ வாங்க வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முப்பத்திரண்டு பக்கம். ஈயம் எவ்வளவு, பிளாஸ்டிக்கில் எத்தனை பங்கு மறுசுழற்சி, தூங்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, எத்தனை வருடம் உதிரி பாகம் கிடைக்கும். பதில்களை யார் எழுதுவது? கணினியைச் செய்தவர்களே. பரீட்சையும் நாமே எழுதி, மார்க்கும் நாமே போட்டுக்கொள்வது மாதிரி. என்றைக்காவது சான்று அலுவலகம் கடையில் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்க்கும். பார்க்காமலும் போகும்.

உடனே, ‘எல்லாம் ஏமாற்று’ என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்ளாதீர்கள். எனக்கு அந்தச் சலிப்பு பிடிக்காது. படிவத்தை உருவாக்கியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் யாரோ பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். பதில் எழுதுகிற இடத்தில்தான் நாங்கள் இருக்கிறோம்.

நாற்பத்தொன்றாம் கேள்வி இது: ‘பயனர், கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவிகளைக் கொண்டு, பத்து நிமிடத்துக்குள், சேதமில்லாமல் பேட்டரியைக் கழற்ற முடியுமா? ஆம் / இல்லை.’

டி-17ன் பேட்டரியை முதலில் நான்கு திருகாணிகள்தான் பிடித்திருந்தன. கடைசி மாதத்தில், கணினியை எங்களிடம் செய்யச் சொன்ன நிறுவனத்துக்கு இன்னும் மெலிசாக வேண்டியிருந்தது. எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரிலும் குறைவு. திருகாணிகள் நிற்க இடம் போயிற்று. பேட்டரிக்கு அடியில் பசையைத் தடவி, அலுமினிய உடம்போடு ஒட்டிவிட்டார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி சாகும். அதோடு நல்ல கணினியும் குப்பைக்குப் போகும்.

4

மெய்-ஜு ‘இல்லை’யில் குறியிட்டு வரைவை அனுப்பினார். பெங் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. என் இருக்கை அதற்கு நேர் வெளியே.*

"மெய்-ஜு, நாப்பத்தொண்ணுல கை தவறிடுச்சு போல."

"தவறலை மேனேஜர். ஒட்டியிருக்கு. கழட்ட முடியாது."

"நம்ம சர்வீஸ் சென்டர்ல கழட்டுறாங்களே?"

"அங்க சூடு பண்ற தட்டு இருக்கு, கரைக்கிற மருந்து இருக்கு. கேள்வி பயனரைப் பத்தி."

"தட்டும் ஒரு கருவிதானே?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளையோட அம்மா வீட்ல அந்தத் தட்டு இருக்குமா?"

வாசலில் கோப்போடு நின்றிருந்த யா-வென் சும்மா இருக்கமாட்டாள். எங்கள் பிரிவின் காரியதரிசி, இருபத்தொன்பது வயது, வாய் நீளம். "எல்லார் வீட்லயும் ரைஸ் குக்கர் இருக்கே அக்கா! லேப்டாப்பை உள்ள வெச்சு அவிச்சு எடுத்தா பசை விட்டுடும்."

பெங் சிரிக்கவில்லை. தெற்கே ஒரு நகராட்சி, பள்ளிக்கூடங்களுக்கு நாற்பதாயிரம் கணினி கேட்டிருந்தது. பசுமைச் சான்றின் உயர்ந்த படி இருந்தால்தான் எடுப்பார்கள். நாற்பத்தொன்றில் ‘இல்லை’ என்றால் அந்தப் படி கிடையாது.

"வீரம் பேசுறது சுலபம் மெய்-ஜு. ஆர்டர் போச்சுன்னா இந்த மாடியில பாதிப் பேரு வீட்டுக்குப் போவாங்க. அவங்க முகத்தைப் பார்த்து நீங்க சொல்வீங்களா?"

"சொல்றேன். நாலு ஸ்க்ரூவைத் திரும்பப் போடுங்க, ஆர்டரும் இருக்கும், ஆளும் இருப்பாங்க."

"ரெண்டு மாசம் தள்ளிப்போகும்!"

"போகட்டும்."

பெங் கெட்டவர் அல்ல. அவரைக் கெட்டவராக எழுதிவிட்டால் கதை சுலபமாகிவிடும், நாமெல்லாம் தப்பித்துவிடலாம். அந்த நான்கு திருகாணிகளை முதலில் வரைந்ததே அவர்தான்.

(* திறந்த கதவுக்கு வெளியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றுமே கேட்காததுபோல் தட்டச்சு செய்வது ஒரு கலை. நான் அதில் தேர்ந்தவன்.)

5

இந்த இடத்தில் மெய்-ஜு மீது எனக்கே சந்தேகம் வந்தது. பத்தொன்பது வருடம் இதே வேலை. எத்தனையோ ‘பரவாயில்லை’களைப் பார்த்தவர். அட்டைப்பெட்டியின் மறுசுழற்சிப் பங்கில் ஒரு தடவை இரண்டு சதவீதத்தை நான்கு என்று எழுதியதை என்னிடமே சொல்லியிருக்கிறார். இப்போது ஏன் திடீரென்று?

வாசகர் கேட்பார் என்று பயந்து ஒரு காரணம் தயாரித்தேன். ‘மெய்-ஜுவின் அக்கா மகன் போன வருடம் உப்பிய பேட்டரியைக் கத்தியால் நெம்பியபோது அவன் வலது கை—’

[அடித்துவிட்டேன். அக்காவும் இல்லை, மகனும் இல்லை.]

எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஒரு பெண் பொய்யில் பெயர் போட மாட்டேன் என்கிறாள். அதற்கு ஒரு பிள்ளையின் கையைச் சுட்டு ஆதாரம் காட்ட வேண்டுமா? பொய் சொல்கிற பெங்கிடம் யாராவது காரணம் கேட்டார்களா? அவருக்கு ஆர்டர் போதுமாம். இவருக்கு மட்டும் பழைய தழும்பு வேண்டுமாம். கொடுக்க மாட்டேன்.

ஒன்றுதான் சொல்ல முடியும். மற்ற கேள்விகளுக்கான பதில் எல்லாம் சோதனைக்கூடத்திலிருந்து காகிதமாக வரும். நாற்பத்தொன்றுக்கு மட்டும் காகிதம் வராது. படிவத்தை நிரப்புகிறவரே கழற்றிப் பார்த்து எழுத வேண்டும். ஆகவே அது அவர் கையால் செய்து, அவர் கண்ணால் பார்த்து எழுத வேண்டிய பதில். அவ்வளவு போதும்.

6

எங்கள் மாடியில் பகல் பன்னிரண்டரைக்கு விளக்குகள் அணையும். ஒன்றரைக்கு எரியும். அந்த ஒரு மணி நேரம், சாப்பாட்டுப் பெட்டிகளை மூடிவிட்டு, மேசை மேல் குட்டித் தலையணை போட்டு, அறுபது பேரும் கவிழ்ந்து தூங்குவோம். அப்போது போன் அடித்தால் அதன் சொந்தக்காரர் ஒரு வாரம் தலைகுனிந்து நடப்பார்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு மெய்-ஜு ஒரு டி-17ஐ மேசையில் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் தெருமுனைக் கடையில் வாங்கிய ஸ்க்ரூடிரைவர், காலாவதியான மெட்ரோ அட்டை ஒன்று, பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூல், யா-வென்னிடம் இரவல் வாங்கிய ஹேர் டிரையர். கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்தார். வெளியேறும் வழி காட்டுகிற பச்சை விளக்கின் வெளிச்சத்தில் வேலையை ஆரம்பித்தார்.

கீழ்மூடியில் ஒன்பது திருகாணிகள். இரண்டு, ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. மூடி கழன்று வரும்போதே பத்து நிமிடம் முடிந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. பசை இளக வேண்டுமே என்று ஹேர் டிரையரைப் போட்டார்.

படிவத்தில் பொய் எழுதினால் எங்கள் மாடியில் ஒரு தலை நிமிராது. தூக்க நேரத்தில் ஹேர் டிரையர் போட்டால் அறுபது தலையும் நிமிரும்.

"யாருங்க அது? அறிவிருக்கா?"

"மெய்-ஜு அக்காவா? தலைக்குக் குளிச்சாங்களா?"

"கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் ஆகலை, பாவிங்களா!"

அவர் வேலையிலேயே குனிந்திருந்தார். சூடு காட்டினார், நூலை நுழைத்து இழுத்தார், அட்டையால் நெம்பினார், மறுபடி சூடு காட்டினார். ஒவ்வொருவராக எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். கன்னத்தில் தலையணைச் சுருக்கம் பதிந்த முகங்கள். முதலில் திட்டியவர்களே அரை மணி நேரத்தில் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

"அந்தப் பக்கம் தூக்குங்க அக்கா."

"அங்க தூக்காதீங்க, கேபிள் இருக்கு!"

"நான் வரைஞ்ச பொட்டிதாங்க இது. எனக்கே தெரியலை எங்க தூக்கணும்னு."

சொன்னவர் கணினியின் உடம்பை வடிவமைக்கும் பொறியாளர். அவரோடு சேர்ந்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

[வேண்டுமென்றே செய்தாரா, சாட்சிகள் சேரட்டும் என்று? கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.]

ஐம்பதாவது நிமிடம் பேட்டரி ஒரு மூலையில் விட்டது. விடும்போது அப்பளம் போல வளைந்தது. தித்திப்பான ஒரு வாடை அடித்தது. பேட்டரி கசிந்து தீப்பிடிக்கப்போகிற வாடை அது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒரே நொடியில் கூட்டம் பின்வாங்கியது. மெய்-ஜு கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி, மாடிப்படி ஓரத்துத் தீயணைப்பு மணல் வாளிக்குள் கவிழ்த்தார். அந்த நேரம் பார்த்து விளக்குகள் எரிந்தன.

7

கழுத்துத் தலையணையோடு பெங் வந்தார். வாளியைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"என்ன கூத்து இது?"

"நாப்பத்தொண்ணாம் கேள்வி மேனேஜர். செஞ்சு பார்த்துட்டேன். அம்பது நிமிஷம், லேப்டாப் காலி."

"உங்களுக்குக் கை வரலை. அதுக்கு டிசைன் என்ன பண்ணும்?"

மெய்-ஜு மேசைக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். டி-17ன் கையேடு, ஆறாம் பக்கம். உரக்கப் படித்தார்: ‘பேட்டரியை நீங்களே கழற்ற முயலாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.’

"கையேட்ல கழட்டாதேன்னு சொல்றோம். படிவத்துல கழட்டலாம்னு எழுதச் சொல்றீங்க. ரெண்டும் ஒரே வாரத்துல இந்த மாடியிலிருந்துதான் போகுது. ஆ-செல், நீங்க எழுதுனதுதானே இது? நிஜமாவே ஆபத்துன்னு தெரிஞ்சுதானே எழுதுனீங்க?"

அறுபது முகங்களும் என் பக்கம் திரும்பின. பெங்கின் முகமும். தெரிந்துதான் எழுதியிருந்தேன். பசை வைத்த அன்றைக்கே பெங் அறையில் உட்கார்ந்து, முன்பு நான் எழுதியிருந்த ‘நான்கு திருகாணிகளைக் கழற்றவும்’ என்ற வரியை எடுத்துவிட்டு இதைப் போட்டவன் நான்.

"அது... எல்லாக் கையேட்லயும் வழக்கமா போடுறதுதான்" என்றேன்.

மெய்-ஜு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

[அதற்குப் பிறகு நான் என் இருக்கையில் போய் உட்கார்ந்து என்ன தட்டச்சு செய்தேன் என்று— வேண்டாம்.]

8

"போதும்" என்றார் பெங். "‘ஆம்’னு மாத்தின படிவம் காலையிலயே ரெடி. முத்திரை விழுந்து கவருக்குள்ள இருக்கு. ரெண்டு மணிக்கு கூரியர்காரன் வர்றான்."

"யார் முத்திரை?"

"உங்க முத்திரைதான்."

மெய்-ஜு யா-வென்னைத் திரும்பிப் பார்த்தார். யா-வென் முகத்தில் ரத்தமே இல்லை.

இங்கே கையெழுத்தைவிடப் பெயர் முத்திரைக்குத்தான் மதிப்பு. விரல் நீள மரக்கட்டை, அடியில் பெயர். நாங்கள் எல்லோரும் வேலைக்குச் சேர்ந்தபோதே, விடுப்புச் சீட்டுக்கும் சம்பளச் சீட்டுக்கும் எழுந்து போகச் சோம்பேறித்தனப்பட்டு, ஆளுக்கொரு முத்திரையைக் காரியதரிசியிடம் கொடுத்துவைத்திருந்தோம். யா-வென்னின் மேசை இழுப்பறையில், ஒரு பிஸ்கட் டப்பாவில், அறுபது பேரின் பெயரும் படுத்துக் கிடக்கும். படித்த மனிதர்கள்தான். கொஞ்சமாவது யோசித்தோமா?

"முப்பத்திரண்டு பக்கம் அக்கா" என்றாள் யா-வென். "மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த இடத்துல எல்லாம் வழக்கம்போல வெச்சுட்டுப் போயிட்டேன். சத்தியமா படிக்கலை."

"உன்மேல தப்பில்லை. என் முத்திரையைக் கொடு. கவரையும் கொடு."

"யா-வென், கொடுக்காதே" என்றார் பெங்.

யா-வென் இழுப்பறையை இழுத்தாள். அவளுக்கு வீட்டுக் கடன், சின்னக் குழந்தை, எல்லாம் உண்டு. பிறகு டப்பாவைத் திறந்து துழாவினாள். "அது அவங்க பேரு, மேனேஜர். அவங்களே வந்து கேக்குறப்போ தரமாட்டேன்னு நான் எந்த வாயால சொல்றது?"

இந்த ஊர் வழக்கம் இன்னொன்று சொல்ல வேண்டும். முத்திரை வைத்த காகிதத்தில் எதையாவது திருத்தினால், அடித்த இடத்தின் மேல் அதே ஆளின் முத்திரை மறுபடி விழ வேண்டும். விழாவிட்டால் அது கிறுக்கல். விழுந்துவிட்டால் அதுதான் செல்லும், யார் வந்தாலும் கேள்வி கேட்க முடியாது.

மெய்-ஜு பதினெட்டாம் பக்கத்தை விரித்தார். ‘ஆம்’ மேல் அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டார். ‘இல்லை’யில் குறியிட்டார். முத்திரையைச் சிவப்பு மையில் அழுத்தி, வாயால் ஒருமுறை ஊதி, கோடுகளின் மேல் வைத்து உள்ளங்கையால் அமுக்கினார். எடுத்தபோது லியாவ் மெய்-ஜு என்ற பெயர் கொஞ்சமும் பிசகாமல் சிவப்பாக நின்றது. முத்திரையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நானும் ஒரு திருத்தம் செய்துகொள்கிறேன். தாமதம்தான், ஆனாலும் செய்கிறேன். மேலே ஏழாம் பகுதியில் ‘வழக்கமா போடுறதுதான்’ என்று நான் சொன்ன இடத்தை இரண்டு கோடு போட்டு அடிக்கிறேன். அங்கே இப்படிப் படியுங்கள்: "ஆமா. தெரிஞ்சுதான் எழுதினேன். அந்த பேட்டரியைக் கழட்ட முடியாது." – செல்வநம்பி.

9

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) படிவத்தைப் பார்த்த வாடிக்கையாளர் நிறுவனம் மனம் மாறுகிறது. நான்கு திருகாணிகள் திரும்பி வருகின்றன. நாற்பதாயிரம் பிள்ளைகள். பெங் மெய்-ஜுவுக்குக் கைகொடுக்கிறார். மாடியே கைதட்டுகிறது. ஆசிரியருக்கு ரொம்பப் பிடிக்கும். எழுத இருபது நிமிடம்கூட ஆகவில்லை, அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

(ஆ) மெய்-ஜுவை தாவ்யுவானில் உள்ள கிடங்குக்கு மாற்றுகிறார்கள். மூன்று மாதத்தில் வேலையை விடுகிறார். நான் அன்னாசிக் கேக் பெட்டியோடு பார்க்கப் போகிறேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு— சீச்சீ. படித்தால் மெய்-ஜு என்னைச் செருப்பால் அடிப்பார். நீங்களும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, உலகம் இப்படித்தான் என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அந்த வசதியை உங்களுக்குச் செய்துதர எனக்கு இஷ்டமில்லை.

(இ) கட்டிடத்தின் அடியில் சாவி செய்கிற கடை இருக்கிறது. முத்திரையும் செதுக்குவார்கள். எந்தப் பெயர் சொன்னாலும் செதுக்குவார்கள், யாருடையது என்று கேட்க மாட்டார்கள். புதுப் படிவம், புது முத்திரை, பழைய ‘ஆம்’. இது நடக்கக்கூடியது. மூன்றில் இதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

10

கூரியர்காரன் இரண்டு மணிக்குச் சரியாக வந்தான். மெய்-ஜு கவரைத் தன் கையாலேயே கொடுத்து, ரசீது வாங்கி, மின்தூக்கி வரை கூடவே போனார். பெங் பின்னாலேயே வந்தார். கதவு மூடிக்கொண்டது. இரண்டு பேரும் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

"கீழ அவனை நிறுத்த எனக்கு ஒரு போன் போதும்" என்றார் பெங்.

"தெரியும்."

"புது முத்திரை செதுக்கக் கால் மணி நேரம்."

"அதுவும் தெரியும். செதுக்குங்க. லியாவ் மெய்-ஜுன்னு பத்து முத்திரை வேணும்னாலும் செதுக்குங்க மேனேஜர். சான்று ஆபீஸ்லருந்து போன் வந்து, நீங்க கழட்டிப் பார்த்தீங்களான்னு கேட்டா, பேசறதுக்கு லியாவ் மெய்-ஜு ஒருத்திதான் இருக்கா. அவ என்ன சொல்லுவான்னு உங்களுக்கும் தெரியும், இந்த மாடியில இருக்கிற அறுபது பேருக்கும் தெரியும்."

பெங் கைப்பேசியை எடுத்தார். விரல் திரைக்கு மேலே நின்றது.

இங்கே நிறுத்துகிறேன். அவர் கூப்பிட்டாரா இல்லையா என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், அவரிடமும் சொல்லவில்லை.

(அ)வோ (ஆ)வோ (இ)யோ, பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பிடிக்கவில்லையென்றால் நீங்களே எழுதுங்கள். மெய்-ஜு போட்ட ‘இல்லை’யைக்கூட அடிக்கலாம், நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் அடிக்கிற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். முழுப் பெயரை.